மீதி தவறக் கூடாது

பெரியப்பாவை வயிற்று ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருந்தேன். புதுச்சேரி 100 அடி சாலையை ஒட்டிய ஒரு ஸ்கேன் மையம். பெரியப்பா பழைய சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் இன்றைக்கும் அப்படித்தான் சொல்வோம். எதையும் ஏன், எப்படி என்று கேட்காமல் விடமாட்டார். வயிற்றில் ஜெல்லைத் தடவி விலாவுக்குக் கீழே கருவியை அழுத்திய டாக்டரையும் அவர் விடவில்லை.

“இது எக்ஸ்ரேயா டாக்டர்?”

“இல்லைங்க ஐயா, சத்தம். உள்ள போய்த் திரும்பி வர்ற எதிரொலிதான் படமாத் தெரியுது. மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க.”

மூச்சைப் பிடித்திருந்ததால் அடுத்த கேள்வி அப்போது வரவில்லை. வெளியே வந்து, காலையிலிருந்து காய்ந்த வயிற்றுக்கு இட்லி சொல்லிவிட்டு உட்கார்ந்ததும் வந்தது. “சத்தம் காதுக்கு. படம் கண்ணுக்கு. நடுவுல எவன்டா மாத்துறான்?”

நடுவில் மாற்றுகிறவனுக்கு அனலாக்-டிஜிட்டல் மாற்றி என்று பெயர். தொழிலில் இருப்பவர்கள் ஏ.டி.சி. என்பார்கள். ஏறி இறங்கி ஓடிவரும் மின்னழுத்தத்தை அளந்து எண்ணாகச் சொல்வது அதன் வேலை. கைபேசியில் பேசும் குரலும் கேமராவில் விழும் வெளிச்சமும் அதைத் தாண்டித்தான் கணினிக்குள் போகின்றன. ஸ்கேன் கருவிகளில் நெடுநாளாகக் குடியிருக்கும் வகை, பைப்லைன் ஏ.டி.சி. அதன் வடிவமைப்பில் உள்ள சூட்சுமத்தைப் பெரியப்பாவுக்கு விளக்க எலக்ட்ரானிக்ஸ் பாடம் தேவைப்படவில்லை. அவர் சின்ன வயதில் போட்ட வகுத்தல் கணக்கே போதுமாக இருந்தது.

எதிரொலிக்கு எத்தனை எண்?

முதலில் வேலையின் அளவைப் பார்த்துவிடுவோம். வயிற்று ஸ்கேனுக்கு அனுப்பும் ஒலி நொடிக்குச் சுமார் 35 லட்சம் முறை அதிரும். மனிதக் காது 20,000-க்கு மேல் கேட்காது. உடலின் மெல்லிய திசுக்களில் ஒலி நொடிக்கு 1,540 மீட்டர் வேகத்தில் போகும். 15 செ.மீ. ஆழம் வரை போய்த் திரும்ப ஏறத்தாழ 195 மைக்ரோநொடி, அதாவது நொடியின் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் ஈரல் விளிம்பு, ரத்தக்குழாய்ச் சுவர், பித்தப்பைக் கல் என்று ஒவ்வொன்றிலும் பட்டு எதிரொலிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். ஆழத்திலிருந்து வருவது, மேலிருந்து வருவதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மெலிந்திருக்கும்.

இந்த எதிரொலியை 20 நானோநொடிக்கு ஒரு முறை, அதாவது நொடிக்கு 5 கோடி முறை அளப்பதாக வைத்துக்கொள்வோம். ஸ்கேன் கருவிகளில் இது சாதாரணமான வேகம். ஒவ்வொரு அளவும் 12 பிட் துல்லியத்தில் வேண்டும். 2 வோல்ட் உயரத்தை 4,096 படிகளாகப் பிரித்து, மின்னழுத்தம் எந்தப் படியில் நிற்கிறது என்று சொல்ல வேண்டும். ஒரு படியின் உயரம் அரை மில்லிவோல்ட்டுக்கும் சற்றுக் குறைவு. கருவியின் முகப்பில் எதிரொலியை வாங்கும் கண்ணிகள் 64 இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி ஏ.டி.சி. வேண்டும். நொடிக்கு 320 கோடி எண்கள். அந்த எண்களைக் கொஞ்சம் முன்பின்னாக நகர்த்திக் கூட்டினால்தான் ஈரலின் ஒரு புள்ளி திரையில் துலங்கும்.

வேகமும் வேண்டும், துல்லியமும் வேண்டும், 64 மாற்றிகளும் சூடேறாமல் ஒரு பெட்டிக்குள் அடங்கவும் வேண்டும்.

கூட்டமும் தராசும்

வேகம் மட்டும் போதுமென்றால் வழி எளிது. 4,096 படிகளுக்கும் நடுவே 4,095 காவலாளிகளை நிறுத்தி, “மின்னழுத்தம் உன் தலைக்கு மேலேயா கீழேயா?” என்று எல்லோரையும் ஒரே நேரத்தில் கேட்கலாம். சில்லின் கடிகாரத்தில் ஒரே துடிப்பில் விடை வந்துவிடும். இந்த வகைக்கு ஃபிளாஷ் என்று பெயர். காவலாளி என்று நான் சொல்வது கம்பரேட்டர் என்ற சின்ன ஒப்பீட்டுச் சுற்று. ஒரு பிட் கூடினால் காவலாளிகள் இரண்டு மடங்காவார்கள். ஆறு, எட்டு பிட் வரை தாங்கும் இந்தக் கூட்டம் 12 பிட்டில் சில்லையே அடைத்துக்கொள்ளும்.

துல்லியம் மட்டும் போதுமென்றால் தராசு இருக்கிறது. எடை தெரியாத நகையை ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் பெரிய படிக்கல்லை வைத்துப் பார்ப்போம். கல் கனத்தால் எடுத்துவிடுவோம், கனக்காவிட்டால் விட்டுவைத்து அதில் பாதி எடையுள்ள அடுத்த கல்லைச் சேர்ப்போம். 12 கற்களில் 4,096 படிகளையும் நிறுத்துவிடலாம். கம்பரேட்டர் ஒன்றே ஒன்று போதும். ஆனால் 12 கற்களையும் வைத்து முடிக்கும்வரை அடுத்த நகை வாசலில் காத்திருக்க வேண்டும்.

மின்னழுத்தத்தை எண்ணாக்கும் யோசனைக்கும் எங்கள் ஊரின் காலக்கணக்குக்கும் ஒரு சின்னப் பொருத்தம் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த 1938-இல், பாரிசில் ஐ.டி.டி. நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்த அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், தொலைபேசிக் குரலை எண்களாக்கி அனுப்பும் முறைக்குப் பிரெஞ்சுக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். நீண்ட கம்பியில் வழிநெடுகக் குரலைப் பெருக்கினால் இரைச்சலும் கூடவே பெருகும். எண்ணாக அனுப்பினால் இரைச்சலை வழியிலேயே உதறிவிடலாம். அவர் வரைந்த மாற்றி 5 பிட் கொண்டது, நொடிக்கு 6,000 அளவு எடுப்பது. புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த 1954-இல், அமெரிக்காவின் பெர்னார்ட் கார்டன் தமது எப்ஸ்கோ நிறுவனத்திலிருந்து டாட்ராக் என்ற மாற்றியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 11 பிட், நொடிக்கு 50,000 அளவு. வெற்றிடக் குழாய்களால் ஆன அந்தப் பெட்டி 150 பவுண்டு எடை இருந்தது, 500 வாட் மின்சாரம் குடித்தது. அதுவும் தராசு வகைதான்.

பிரெஞ்சு வகுத்தல்

கூட்டமும் இல்லாமல் காத்திருப்பும் இல்லாமல் ஒரு வழி இருக்கிறதா என்ற கேள்விக்கு விடையாக வந்ததுதான் பைப்லைன். இட்லிக்கடை மேசையில் ஸ்கேன் உறையைத் திருப்பிப் போட்டு, 22-ஐ 7-ஆல் வகுக்கச் சொன்னேன். பெரியப்பா பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். நாம் வகுக்கும் எண்ணை இடப்பக்கம் எழுதுவோம், அவர் வலப்பக்கம் எழுதி அதன் கீழே கோடிழுத்து ஈவை எழுதினார். இன்னொரு வித்தியாசம் எனக்கு அன்றுதான் கண்ணில் பட்டது. மூவேழு இருபத்தொன்று என்று எழுதிக் கழிக்கும் வரியே அவர் தாளில் இல்லை. கழித்தல் மனத்துக்குள்ளேயே நடந்துவிட்டது. தாளில் கீழிறங்கியது மீதி மட்டும்: 1, பிறகு 10, 3, பிறகு 30, 2, பிறகு 20, 6.

“இதுதான் பெரியப்பா, அந்தச் சில்லு செய்யிற வேலை” என்றேன்.

வகுத்தலின் ஒவ்வொரு படியிலும் நாம் செய்வது நான்கு காரியம். தோராயமாகப் பார்த்து ஓர் இலக்கத்தைத் தீர்மானிக்கிறோம். அந்த இலக்கத்துக்குரியதைக் கழிக்கிறோம். மீதியோடு ஒரு சுழியைச் சேர்த்து, அதாவது பத்தால் பெருக்கி, பெரிதாக்குகிறோம். அதை அடுத்த படிக்குக் கொடுக்கிறோம். பைப்லைன் ஏ.டி.சி.யின் ஒவ்வொரு கட்டமும் இதையே மின்னழுத்தத்தில் செய்கிறது. வந்த மின்னழுத்தத்தை ஒரு கணம் பிடித்துவைக்கும். இரண்டோ மூன்றோ கம்பரேட்டர்களால் தோராயமாக ஓர் இலக்கத்தைத் தீர்மானிக்கும். அந்த இலக்கத்துக்குரிய மின்னழுத்தத்தைக் கழிக்கும். மீதியை இரண்டால் பெருக்கி அடுத்த கட்டத்துக்குத் தள்ளும். பத்தடிமான எண்ணுக்குப் பதில் இரண்டடிமானம் என்பதால்தான் இரண்டால் பெருக்கல்.

மீதியைத் தள்ளிவிட்ட கட்டம் சும்மா இருக்காது. அடுத்த அளவைக் கையில் வாங்கிக்கொள்ளும். மாலை நேரப் பரோட்டாக் கடையைப் பாருங்கள். ஒருவர் உருண்டை பிடிக்கிறார், ஒருவர் வீசுகிறார், ஒருவர் கல்லில் போட்டுத் திருப்புகிறார், ஒருவர் அடுக்கித் தட்டுகிறார். முதல் பரோட்டா இலைக்கு வர நேரமாகும். வந்துவிட்டால் பிறகு சீராக வந்துகொண்டே இருக்கும், ஒருவரே நான்கு வேலையும் பார்ப்பதைவிட நான்கு மடங்கு வேகமாக. பத்துக் கட்டங்கள் உள்ள மாற்றியிலும் ஒரு குறிப்பிட்ட அளவுக்கான முழு விடை வரச் சில துடிப்புகள் தாமதமாகும். ஆனால் துடிப்புக்கு ஒரு விடை வந்துகொண்டே இருக்கும். முதல் கட்டம் சொன்ன இலக்கம், கடைசிக் கட்டத்தின் இலக்கம் வரும்வரை ஒரு பதிவேட்டில் காத்திருந்து, எல்லாம் சேர்ந்து ஒரே எண்ணாக வெளியே வரும். ஸ்கேனில் இந்தத் தாமதத்தை யாரும் உணரப்போவதில்லை.

இந்த முறையை இன்றைய சில்லுகளின் அடிப்படையான சீமாஸ் தொழில்நுட்பத்தில் செய்து காட்டியவர்கள் பெர்க்லியில் இருந்த கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் லூயிஸ், பால் கிரே. 1987-இல் வெளியான அவர்களுடைய மாற்றி 9 பிட்டில் நொடிக்கு 50 லட்சம் அளவுகள் எடுத்தது.

ரப்பர் இல்லாத கணக்கு

வகுத்தலில் இலக்கத்தைத் தவறாக ஊகித்துவிட்டால் என்ன செய்வோம்? ரப்பரால் அழித்துவிட்டு ஒன்று குறைத்துப் போடுவோம். சில்லில் அழிக்க நேரமில்லை. பின்னாலேயே அடுத்த அளவு வந்து நிற்கிறது. கம்பரேட்டரோ தவறு செய்யக்கூடியது. ஒரே அச்சில் வார்த்த இரண்டு டிரான்சிஸ்டர்களும் அணுவளவில் ஒன்றுபோல் இருப்பதில்லை. 250 மில்லிவோல்ட்டில் “மேலே” என்று சொல்ல வேண்டியது 265-இல் சொல்லும். அரை மில்லிவோல்ட் படியை அளக்க வந்தவனுக்கு இது பெரிய தப்பு.

பெரியப்பாவிடம் மறுபடி 22-ஐ 7-ஆல் வகுக்கச் சொன்னேன், ஒரு நிபந்தனையோடு. 3.1 வரை சரியாகப் போகட்டும். அடுத்து 30 இருக்கிறது. 4 போட வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே 5 போடுங்கள்.

“ஐயேழு முப்பத்தஞ்சு. கழிக்க முடியாதே.”

“கழிங்க. மைனஸ் 5.”

மைனஸ் 5-க்குச் சுழி சேர்த்தால் மைனஸ் 50. அதில் மைனஸ் 8 முறை 7 போனால் மைனஸ் 56, மீதி 6. ஈவில் வந்திருப்பது 3, 1, 5, மைனஸ் 8. அதாவது 3.15-இல் 0.008 போக 3.142. மீதி 6. சரியான வழியில் போயிருந்தாலும் 3.142, மீதி 6-தான். தவறான இலக்கத்தைப் பின்னால் வந்த இலக்கம் தானே சரிசெய்துவிட்டது. யாரும் எதையும் அழிக்கவில்லை. இலக்கத்துக்கு மைனஸாக இருக்கும் உரிமையைக் கொடுத்தோம், அவ்வளவுதான்.

பைப்லைன் வடிவமைப்பில் பரவலாகப் புழங்கும் ஒன்றரை பிட் கட்டம் என்பது இந்த உரிமைதான். இரண்டடிமானத்தில் 0, 1 என்ற இரண்டு இலக்கம் போதும். இந்தக் கட்டமோ மைனஸ் 1, 0, பிளஸ் 1 என்று மூன்றில் ஒன்றைச் சொல்லும். தேவைக்கு மேல் ஓர் இலக்கம். அந்த உபரிதான் தவறைப் பொறுக்கும் இடம். மைனஸ் 1 முதல் பிளஸ் 1 வோல்ட் வரை அளக்கும் ஒரு மாற்றியை எடுத்துக்கொள்வோம். வந்த மின்னழுத்தம் 0.25-க்கு மேல் இருந்தால் பிளஸ் 1, மைனஸ் 0.25-க்குக் கீழே இருந்தால் மைனஸ் 1, நடுவில் இருந்தால் 0. மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கி அதிலிருந்து இந்த இலக்கத்தைக் கழித்தால் கிடைப்பது மீதி.

இப்போது 0.26 வோல்ட் வருகிறது. கம்பரேட்டர் சரியாக இருந்தால் பிளஸ் 1. மீதி 0.52-இல் 1 போக மைனஸ் 0.48. அடுத்த கட்டம் மைனஸ் 1 என்கிறது, மீதி 0.04. நம் கம்பரேட்டரோ 0.265-இல்தான் விழித்துக்கொள்ளும். ஆகவே 0 என்று தவறாகச் சொல்கிறது. மீதி 0.52. அடுத்த கட்டம் பிளஸ் 1 என்கிறது, மீதி 0.04. முதல் வழியில் அரையில் கால் போகக் கால். இரண்டாம் வழியில் ஒன்றுமில்லாததோடு கால் சேரக் கால். இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன, மீதி உட்பட. இந்தக் கட்டத்தில் கம்பரேட்டர் கால் வோல்ட்வரை தவறினாலும் கடைசி எண்ணில் கீறல் விழாது. அரை மில்லிவோல்ட் துல்லியம் தேவைப்பட்ட இடத்தில் 250 மில்லிவோல்ட் தவறுக்கு மன்னிப்பு.

இலக்கத்தில் உபரி வைத்துத் தவறைத் திருத்தும் யோசனையை 1964-இலேயே டி.சி. வெர்ஸ்டர் முன்வைத்திருந்தார். 1992-இல் லூயிஸ் மேலும் நால்வரோடு சேர்ந்து வெளியிட்ட 10 பிட், நொடிக்கு 2 கோடி அளவு எடுக்கும் மாற்றி, ஒன்றரை பிட் கட்டத்தை வடிவமைப்பாளர்களின் கைப்பழக்கமாக்கியது. அந்த ஐந்து பெயர்களில் ஆர். ராமச்சந்திரன், டி.ஆர். விஸ்வநாதன் என்று நம் காதுக்குப் பழகிய இரண்டும் உண்டு.

வகுத்தலை உவமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்; உறவு நிஜமானது. கணினிச் செயலிகள் வேகமாக வகுப்பதற்கு 1950-களின் இறுதியில் ஸ்வீனி, ராபர்ட்சன், டோச்சர் ஆகியோர் தனித்தனியே கண்டடைந்த முறையும் மைனஸ் இலக்கத்தை அனுமதிக்கும் இதே முறைதான். அதற்கும் ஓர் எல்லை உண்டு. 1994-இல் இன்டெலின் பென்டியம் செயலி சில எண்களைத் தவறாக வகுத்தது உலகச் செய்தியானது. எந்த இலக்கத்தைப் போடுவது என்று சொல்லும் அட்டவணையில் 5 கட்டங்கள் காலியாக விடுபட்டிருந்தன. அங்கே போய் விழுந்த கணக்குக்கு 2 கிடைப்பதற்குப் பதில் 0 கிடைத்தது. மீதி, பின்னால் வருகிறவர்கள் திருத்தக்கூடிய எல்லையைத் தாண்டிப் போய்விட்டது. இன்டெல் அதற்காக ஒதுக்க வேண்டியிருந்த தொகை 47.5 கோடி டாலர். இலக்கத்தில் தவறு பொறுக்கலாம், மீதி கைக்குள் இருக்கும்வரை.

முதல் பிரதி

ஆகவே வடிவமைப்பாளரின் கவலையெல்லாம் கம்பரேட்டரை விட்டு மீதிக்கு இடம்பெயர்கிறது. இரண்டால் பெருக்கிக் கழித்துக் கொடுக்கும் அந்தப் பெருக்கிக்குள் இருப்பவை ஒரே அளவான இரண்டு மின்தேக்கிகளும் ஆப்-ஆம்ப் என்ற பெருக்கிச் சுற்று ஒன்றும். முதல் அரைத் துடிப்பில் இரண்டு மின்தேக்கிகளும் வந்த மின்னழுத்தத்தைக் குடித்துக்கொள்ளும். அடுத்த அரைத் துடிப்பில் ஒன்று தன் மின்னூட்டத்தை மற்றதன் தலையில் கொட்டும், அதனால் இரட்டிப்பு. ஒரு கட்டம் குடிக்கும்போது பக்கத்துக் கட்டம் கொட்டும். கேட்பதும் சொல்வதுமாக மாறி மாறி வேலை நடக்கும்.

இந்த எளிய வேலையில் மூன்று கண்டங்கள். இரண்டு மின்தேக்கிகளும் ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபட்டாலே 12 பிட் மாற்றியில் ஏறத்தாழ ஒரு படிக்குப் பிழை வரும். ஆப்-ஆம்ப்பின் பெருக்கம் பத்தாயிரம் மடங்கை எட்டாவிட்டால் கொட்டியது முழுதாகப் போய்ச் சேராது. வேகமும் வேண்டும். மின்னழுத்தம் சட்டென்று இலக்கில் போய் உட்காராது. ஊஞ்சல் அடங்குவதுபோல நெருங்கி நெருங்கித்தான் அமரும். 12 பிட்டில் அரைப் படிக்குள் அமர, சுற்றின் இயல்பான கால அளவைப்போல் 9 மடங்கு நேரம் வேண்டும். நம்மிடம் இருப்பது அரைத் துடிப்பு, 10 நானோநொடி.

நான்காவதாக ஒன்று உண்டு. அதை எந்தக் கெட்டிக்காரத்தனத்தாலும் ஒழிக்க முடியாது. எலக்ட்ரான்கள் வெப்பத்தால் துள்ளிக்கொண்டே இருக்கின்றன. 27 டிகிரியில் ஒரு பைக்கோஃபாரட் மின்தேக்கியில் மின்னழுத்தத்தைப் பிடித்துவைத்தால் 64 மைக்ரோவோல்ட் அளவுக்கு அது தானாகவே தடுமாறும். 12 பிட்டுக்கு இது தூசி. 14 பிட்டுக்குப் போனால் அரைப் படி. வெயிலைக் குறை சொல்லிப் பயனில்லை. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி அடித்தாலும் இந்தத் தடுமாற்றம் 2 சதவீதம்தான் கூடும். இயற்கை நம் செல்சியஸில் கணக்குப் பார்ப்பதில்லை, கெல்வினில் பார்க்கிறது. தடுமாற்றத்தைப் பாதியாக்க வேண்டுமானால் மின்தேக்கியை நான்கு மடங்கு பெரிதாக்க வேண்டும். அதை நிரப்ப அதே அளவுக்கு மின்சாரமும் செலவாகும்.

எல்லாக் கட்டங்களிலும் இந்தச் செலவைச் செய்ய வேண்டியதில்லை என்பது பைப்லைனின் கருணை. முதல் கட்டத்தின் பிழை அப்படியே விடையில் விழும். இரண்டாம் கட்டத்துக்குள் நுழைவது ஏற்கெனவே இரட்டிப்பான மீதி. ஆகவே அதன் பிழைக்கு விடையில் பாதி எடைதான். மூன்றாம் கட்டத்துக்குக் கால். பத்தாம் கட்டம் கிட்டத்தட்ட எப்படி இருந்தாலும் சரி. அதனால் முதல் கட்டத்துக்குப் பெரிய மின்தேக்கி, கொழுத்த ஆப்-ஆம்ப். பின்னால் போகப் போகச் சின்னது, சிக்கனமானது. பெரிய பைப்லைன் சில்லின் வரைபடத்தில் கட்டங்கள் கோயில் கோபுர நிலைகள்போல ஒன்றைவிட ஒன்று சிறுத்துக்கொண்டே போவதைக் காணலாம்.

முதல் கட்டத்தின் இந்த முக்கியத்துவத்துக்கு எங்கள் ஊரில் பொருத்தமான உவமை செயின்ட் லூயி வீதியில் இருக்கிறது. 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். அங்கும் பிரெஞ்சுத் தூரகிழக்குக் கல்விக்கழகத்தின் புதுச்சேரி மையத்திலுமாக இருக்கும் சுமார் 11,000 சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன. பனையோலை சில நூறு ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். அதற்குள் ஒருவர் பார்த்துப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுத வேண்டும். முதலில் பெயர்த்தவர் ஓர் எழுத்தை மாற்றிவிட்டால் அதன் வழிவந்த பிரதிகள் அத்தனையிலும் அந்தத் தவறு உட்கார்ந்துகொள்ளும். கடைசிப் பிரதியில் நேர்ந்த தவறு அந்த ஓர் ஏட்டோடு போயிற்று. ஏடு எழுதுகிறவர்களின் கவலையும் சில்லு வரைகிறவர்களின் கவலையும் ஒன்றுதான்: முதல் கை சுத்தமாக இருக்க வேண்டும்.

9.9-ஆல் பெருக்கினால் என்ன?

முதல் கையும் தவறக்கூடியதுதானே? அங்கேதான் அடுத்த திருப்பம் வந்தது. வகுத்தலில் மீதியைப் பத்தால் பெருக்குவதற்குப் பதில் ஒருவர் தெரியாமல் 9.9-ஆல் பெருக்கிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடை தவறும். ஆனால் அவர் 9.9-ஆல்தான் பெருக்குகிறார் என்பது நமக்குத் தெரிந்துவிட்டால், கிடைத்த இலக்கங்களைப் பத்தடிமானமாகப் படிக்காமல் 9.9 அடிமானமாகப் படித்துக்கொள்ளலாம். விடை சரியாக வந்துவிடும். தெரிந்த தவறு தவறில்லை.

1993-இல் கரனிகோலஸ், லீ, பக்ரானியா ஆகிய மூவர் வெளியிட்ட 15 பிட் மாற்றி இதைச் செய்து காட்டியது. ஒரே மின்னழுத்தத்தைக் கொடுத்து, முதல் கட்டத்தை ஒரு முறை 0 என்றும் ஒரு முறை 1 என்றும் கட்டாயப்படுத்திச் சொல்ல வைப்பார்கள். இரண்டு முறையும் வெளிவரும் மீதியைப் பின்னாலுள்ள கட்டங்களே அளந்துவிடும். அந்த இரண்டு எண்களின் வித்தியாசம்தான் முதல் கட்டத்தின் உண்மையான இலக்க மதிப்பு. அதை நினைவகத்தில் எழுதிவைத்து, பிறகு வரும் அளவுகளிலெல்லாம் பயன்படுத்திக்கொள்ள வேண்டியதுதான். பெருக்கத்தை வேண்டுமென்றே 2-க்குச் சற்றுக் குறைவாக வைத்தார்கள், மீதி எந்நேரமும் எல்லைக்குள் நிற்பதற்காக. 2003-இல் போரிஸ் முர்மானும் பெர்னார்ட் போசரும் இன்னும் துணிந்தார்கள். 12 பிட், நொடிக்கு 7.5 கோடி அளவு எடுக்கும் மாற்றியின் முதல் கட்டத்தில் துல்லியமான ஆப்-ஆம்ப்பைத் தூக்கிவிட்டு, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் எளிய பெருக்கியைப் போட்டார்கள். அது வளைத்துக் கொடுத்த மீதியை எண்களின் பக்கம் நிமிர்த்தினார்கள்.

டிரான்சிஸ்டர்கள் நுணுகிக்கொண்டே போகும் காலத்துக்கு இது பொருந்திய வழி. சிறிய டிரான்சிஸ்டர் வேகமானது, எண் கணக்குக்கு மலிவானது. ஆனால் தனியாக அது தரும் பெருக்கம் குறைவு. நல்ல ஆப்-ஆம்ப் கட்டுவது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிறது, தவறைக் கணக்கிட்டுத் திருத்துவது எளிதாகிறது. அந்த வேகத்தால் பழைய தராசு வகையும் புத்துயிர் பெற்றிருக்கிறது. ஒரு காலத்தில் பைப்லைனுக்கே உரிய வேகங்களில் இன்று தராசு மாற்றிகள் வேலை செய்கின்றன. இரண்டையும் சேர்த்து, ஒரு தராசு நிறுத்த மீதியைப் பெருக்கி அடுத்த தராசுக்குக் கொடுக்கும் கலப்பு வகையும் உண்டு. உருவம் எதுவானாலும் மீதியைக் கைமாற்றும் பழக்கம் போகவில்லை.

இதைக் கற்க இன்று பெர்க்லிக்குப் போக வேண்டியதில்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் ஷாந்தி பவன் தரவு மாற்றிகளில் உலகளவில் மதிக்கப்படுபவர்; 2012-இல் பட்நாகர் விருது பெற்றவர். மாற்றிகளைப் பற்றிய அவருடைய வகுப்புகள் என்.பி.டி.இ.எல். இணையதளம் வழியாக யாரும் காசில்லாமல் பார்க்கும்படி கிடைக்கின்றன. பிள்ளைச்சாவடியில் உள்ள எங்கள் புதுவைத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து விடுதி அறையில் உட்கார்ந்திருக்கும் மாணவருக்கும், பெங்களூரில் சில்லு வரைகிறவருக்கும் அது ஒரே வகுப்பறை.

இட்லி முடிந்து காபி வந்திருந்தது. பெரியப்பா என்னைக் கவனிக்கவில்லை. உறையின் மூலையில் தாமாகவே இன்னொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். 1000-ஐ 13-ஆல். 100-இல் 7 போக வேண்டிய இடத்தில் 8 போட்டிருந்தார். மீதி மைனஸ் 4. சுழியை இறக்கினார், மைனஸ் 40. மைனஸ் 4 போட்டார். 80-இல் 4 போக 76.

“எங்க பள்ளிக்கூடத்து முசே இதைப் பார்த்திருந்தா முட்டி போட வச்சிருப்பார்.”

“மீதி எவ்வளவு வருது, பெரியப்பா?”

விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். “பன்னெண்டு.” பக்கத்திலேயே ஒழுங்கான வழியிலும் போட்டுப் பார்த்தார். 76, மீதி 12.

“அப்பச் சரி” என்று பேனாவை மூடினார்.